பொட்டு வைத்த லைனர்

சுழலும் அரவை உருளையான மில்லின் உட்சுவரில் பதிக்கும் லைனர் தகடுகளை மாற்றியதும், ஆள் நுழையும் துளையின் மூடியை அடைக்கும் முன் மூன்று அதிகாரிகள் உள்ளே இறங்கி, அவை மில் சுழலும் திசைக்கேற்பப் பொருந்தியிருக்கின்றனவா என்று பார்த்துக் கையெழுத்திட வேண்டும். எண்ணூர் சிமென்ட் அரவை ஆலையில் அந்த விதியை எழுதியவன் நான். நான் ஓய்வு பெற்ற பின்னும் விதி இருந்தது. மூன்று கையெழுத்துகளும் இருந்தன. என் சந்தேகமே அங்கேதான் தொடங்கியது. அந்தத் துளைக்குள் மூன்று அதிகாரிகள் தவழ்ந்து போனதை என் பணிக்காலத்தில் பார்த்ததில்லை.

விஷயத்தைக் கொண்டுவந்தவர் மில் ஆபரேட்டர், காத்திவாக்கத்துக்காரர். புது லைனர் போட்டதிலிருந்து மின்செலவு ஏறிவிட்டது. ஓட்டத் தெரியவில்லை என்று அவரை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். காலடிப்பேட்டையில் என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார்.

“கரண்டு ஏறிப்போச்சாம் சார். நான் இன்னா, வூட்டுக்கா இஸ்துகினு பூட்டேன்?”

“புது லைனரும் பழசு மாதிரிதானே?”

“இல்ல சார். பழசு ரெண்டு பக்கமும் ஒரே மாரி, எப்டி மாட்னாலும் ஓடும். இது ஒரு பக்கம் செங்குத்து, ஒரு பக்கம் சரிவு. கரண்டு மிச்சமாவும்னு சொல்லித்தான் வாங்னாங்க.”

மாட்டுவதற்கு முன் பூஜை போட்டிருக்கிறார்கள். போனில் படம் காட்டினார். வரிசையாகத் தகடுகள், ஒவ்வொன்றிலும் கனமாகச் சந்தனம், நடுவில் குங்குமம்.

“சுத்துற திசைக்கு அம்புக்குறி இருக்குமே, எங்கே?”

“அதும்மேலதான் சார் பொட்டு. அந்த எடம் மேடா, வெக்க வாட்டமா இருந்திச்சு.”

அம்பு மறைந்ததும், கை வந்தபடி மாட்டியிருப்பார்கள். அப்படியானால் மில்லுக்குள் விழுந்து அரைக்கும் இரும்புக் குண்டுகளைத் தூக்கிப் போட வேண்டிய செங்குத்துப் பக்கம் பின்னால் போயிருக்கும். குண்டுகள் சரிவில் வழுக்கும். மில் சுற்றும், கரண்ட் தின்னும், அரைக்காது.

மில்லைத் திறந்து பாருங்கள் என்று நிர்வாகத்துக்கு எழுதினேன். பதில் இல்லை. நினைவூட்டினேன். ஓர் அதிகாரி போனில், “வயசான காலத்துல எதுக்கு சார் டென்ஷன்?” என்றார். என் உடம்பின்மேல் ஆலைக்கு அக்கறை வந்தால், திறக்கக் கூடாத ஏதோ இருக்கிறது என்று பொருள்.

கொஞ்ச நாளில் ஆபரேட்டர் வந்தார். “தகடெல்லாம் திருப்பிட்டாங்களாம் சார். கரண்டு எறங்கிட்ச்சி. என்னத்தான் கூப்ட மாட்றாங்க.”

திரும்பவும் எழுதினேன். இந்த முறை, கையெழுத்திட்ட மூவரில் யார் எந்தத் தகட்டைப் பார்த்தார் என்று மட்டும் கேட்டேன்.

‘நிர்வாக வசதி கருதி’ ஆபரேட்டரின் சஸ்பென்ஷன் ரத்து. லைனர் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கீழே அதே மூன்று கையெழுத்துகள். இந்தப் பதில் என் கைக்கு வந்தது, பழையதையெல்லாம் கொளுத்தும் போகிப் பண்டிகை அன்று.