இருபது அங்குலச் சக்கரம்

அன்று டயர் கடையில் இருந்தவர்கள் இவ்வளவுதான். நான். வண்டியின் பின்சீட்டில் சாய்ந்து படுத்திருந்த என் மனைவி. அவள் தலையை மடியில் தாங்கியிருந்த அவள் தங்கச்சி. கடை முதலாளி, சீனர். தவுக்கே என்று கூப்பிடுவோம். வேறு ஆள் இல்லை. தப்பு யாருடையது என்று தேட வேண்டியதும் இல்லை.

கடை சிரம்பான் டவுனில், தெமியாங்கில். எங்கள் வீடு செம்பனைத் தோட்டத்துக்குள், தார் ரோட்டிலிருந்து நாலு கிலோமீட்டர் செம்மண் பாதை. மனைவிக்குச் சிறுநீரகம் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் அதே டவுனில் லோபாக்கில் இருக்கும் டயாலிசிஸ் சென்டருக்குக் கூட்டிப்போய் ரத்தம் சுத்தம் பண்ண வேண்டும். அந்த நோயிலேயே எலும்பும் மெலிந்து, முதுகில் ஒன்று நொறுங்கியிருந்தது. போனால்தான் அவள் இருப்பாள். போவதற்கு அந்த வண்டிதான். கோலாலம்பூரில் இருக்கும் மகன் புதுசு வாங்கிக்கொண்டு, பழைய எஸ்.யு.வி.யை எங்களுக்குக் கொடுத்திருந்தான்.

டயர் மொட்டையாகிவிட்டது. லோபாக்கிலிருந்து திரும்பும் வழியில் மாற்றப் போனேன். கடை மூலையில் இருபது அங்குல ரிம் ஒரு செட், டயரோடு சாய்த்து வைத்திருந்தது. எங்களுடையது பதினேழு. பெரிசையே போடச் சொன்னேன். டவுனுக்குச் சரி, தோட்டத்து ரோட்டுக்கு வேண்டாம், பெட்ரோல் எண்ணெயும் அதிகம் குடிக்கும் என்று தவுக்கே மலாயில் சொன்னார். நான் முப்பது வருஷம் டிராக்டர் ஓட்டினவன். டிராக்டரின் பெரிய சக்கரம் குழியைக் குழி என்றே நினைக்காது, சின்னதுதான் உள்ளே விழும். அதைச் சொன்னேன். அவர் பழைய நாலையும் எடுத்துக்கொண்டு மாட்டிவிட்டார்.

கொழுந்தியாள் இறங்கிச் சுற்றிப் பார்த்தாள். “கல்யாண வண்டி மாதிரி இருக்கு லா மாமா. பொண்ணு மட்டும்தான் பழசு,” என்றாள். மனைவியும் சிரித்தாள்.

மண் பாதையில் ஏறியதும் எனக்குத் தெரிந்துவிட்டது. டிராக்டரில் பெரிசாக இருப்பது ரப்பர். இதில் ரிம் வளர்ந்த அளவுக்கு ரப்பர் குறைந்திருந்தது. மூன்று விரல் உயரம்கூட இல்லை. ஒவ்வொரு கல்லும் நேராக சீட்டுக்கு வந்தது.

புது டயர் அப்படித்தான் இருக்கும், படியணும் என்றேன். யாரும் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.

முன்பு ஒரு தடவை எண்ணெய் நிரப்பினால் ஆறு நடை போகும். இப்போது ஐந்தாவதிலேயே விளக்கு எரிந்தது. சக்கரம் கனம். நின்று கிளம்பும்போதெல்லாம் இஞ்சின் முக்கியது. ஆட்டம் குறையட்டும் என்று காற்றைக் குறைத்தேன். எண்ணெய் இன்னும் போனது. குழியில் ஒரு ரிம் நெளிந்தது. அதற்குப் பிறகு தார் ரோட்டிலும் ஸ்டியரிங் நடுங்கியது.

மனைவி துண்டை மடித்துப் பல்லில் கடித்துக்கொள்வாள். ஒரு நாள் காலை, தார் ரோட்டில் ஏறியதும் துண்டை எடுத்துவிட்டு, “நாப்பத்தி மூணு,” என்றாள்.

“என்னது?”

“குத்து. எண்ணிக்கிட்டு வந்தேன். பழைய டயர்ல தூங்கிடுவேன்ங்க.”

அப்போதும் நான் கடைக்குப் போகவில்லை. பழையதைக் கொடு என்று தவுக்கேயிடம் போய் நிற்க வாய் வரவில்லை. மெதுவாக ஓட்டிச் சமாளிக்கலாம் என்று மூன்று வாரம் ஓட்டினேன்.

நாலாவது வாரம் திங்கட்கிழமை அவள் எழுந்திருக்கவில்லை.

“இன்னைக்கு வேணாம்ங்க. அந்த ரோடு என்னால முடியாது.”

தங்கச்சி கெஞ்சினாள், திட்டினாள், அழுதாள். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் தெமியாங்குக்குப் போனேன். பழைய சக்கரம் விற்றாகிவிட்டது. தவுக்கே என்னைக் குத்திப் பேசவில்லை. அதே அளவில் வேறு செட் தேடுகிறேன், சனிக்கிழமை வா என்றார்.

புதன்கிழமையும் அவள் வரவில்லை. வெள்ளிக்கிழமை மூச்சு வாங்கியது. ஆம்புலன்ஸ் வந்தது. அந்தப் பாதையில் அதுவும் குதித்துக்கொண்டுதான் போனது. ஞாயிறு மத்தியானம் சிரம்பான் ஆஸ்பத்திரியில் முடிந்தது.

கருமாதி கழிந்து கடைக்குப் போனேன். பதினேழு அங்குல செட்டைத் தவுக்கே ஓரமாக எடுத்து வைத்திருந்தார். மனைவி எப்படி என்று கேட்டார். சொன்னேன். அவரே உட்கார்ந்து நாலையும் மாட்டினார்.

தனியாகத் திரும்பினேன். பின்சீட்டில் அவள் தலையணையும் துண்டும் அப்படியே இருந்தன. எப்போதும் போகும் வேகத்தில்தான் போனேன். தார் முடிந்த இடத்திலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் எண்ணினேன்.

ஒன்பது.