சோளத்துக்குப் பின் கீரை

அடையாறில் பூச்சிமருந்துக் கடை வைத்திருந்த சங்கரலிங்கம், தொண்ணூற்றைந்தாம் வருஷக் கோடையில் கொட்டிவாக்கத்துப் பங்கஜத்துக்கு ஒரு களைக்கொல்லி விற்றார். குத்தகை நிலத்தில் அவள் மக்காச்சோளம் போட்டிருந்தாள். அந்த மருந்தைச் சோளச்செடி தனக்குள்ளேயே சிதைத்துவிடும், புல்தான் கருகும். ஆனால் மண்ணில் தங்குவதை நுண்ணுயிர்கள் சிதைக்க ஈரம் வேண்டும், மாதக்கணக்கும் ஆகும். அடுத்து என்ன விதைப்பாள் என்று அவர் கேட்கவில்லை.

மழையே இல்லாத அந்த வருஷம், சோளத்தை ஒடித்த கையோடு அவள் அரைக்கீரை விதைத்தாள். முளைத்ததெல்லாம் ஓரம் வெளுத்துச் சாய்ந்தது.

"இன்னா மருந்து நைனா குடுத்தே?" என்று கடைக்கு வந்து அழுதாள்.

"தப்பு எம்மேலதாம்மா. கீரை போடாதேன்னு சொல்லியிருக்கணும்."

மறு விதைப்பும் கருக, அவள் நிலத்தை விட்டுவிட்டு வீட்டு வேலைக்குப் போனாள். தரிசாகக் கிடந்த அந்த நிலத்தில் சங்கரலிங்கம் அவ்வப்போது ஒரு பிடி விதை தூவிப் பார்த்தார். இரண்டாவது ஐப்பசி மழைக்குப் பிறகு கீரை பச்சையாக எழுந்தது. ஒரு கட்டுப் பறித்துக்கொண்டு அவள் வேலை செய்யும் வீட்டுக்கே ஓடினார்.

"மண்ணு சரியாயிட்டும்மா!"

"அத்த மனை போட நெலத்துக்காரரு வித்துட்டாரே, நைனா," என்றபடி பங்கஜம் கீரையை வாங்கிக்கொண்டாள்.