முழங்காலுக்கு ரிங் அடித்த நாட்கள்

பேஷண்டாக இருப்பதும் ஒரு உத்தியோகம்தான்: நேரத்துக்குப் போக வேண்டும், சொன்னதைச் செய்ய வேண்டும், ஒரு நாள் லீவு போட்டால் மறுநாள் வட்டியோடு அனுபவிக்க வேண்டும். ஃபிசியோதெரபி மேஜையில் குப்புறப் படுத்து ரெக்ஸின் வாசனையை முகர்ந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நாம் ஒரே ஆபீஸ்காரர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

நான் வந்த ஷேர் டாக்ஸியைச் செம்பூர் பக்கம் ஒரு டெம்போ இடித்தது. டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் நான். வலது முழங்கால் டாஷ்போர்டில் மோதிச் சில்லு உடைந்தது. கம்பி கட்டி எலும்பைச் சேர்த்துவிட்டார்கள். ஆனால் கால் மடங்க மறுத்தது. எங்கள் வீடு தாராவியில், ஒரு தையல் கடைக்கு மேலே இருக்கும் ஒற்றை ரூம். ஏறிப்போக வெளியே கிட்டத்தட்ட நட்டமாக நிற்கும் ஒரு இரும்பு ஏணி, பிடித்துக்கொள்ள ஒரு கயிறு. அதனால் செம்பூரில் தரைத்தளத்தில் இருக்கும் அத்தை வீட்டில் என்னைப் படுக்க வைத்திருந்தார்கள்.

ஒரு நாள் அப்பா வந்து, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தீபாவளிக்குள்ள ஏணி ஏறிட்டன்னா சரி. இல்லன்னா ரூமைக் குடுத்துட்டு டோம்பிவிலி போயிருவோம்ல. அங்க லிஃப்ட் இருக்கு." அம்மா வேலை பார்க்கும் பால்வாடி எங்கள் சந்திலிருந்து, பம்பாய் வழக்கில் கல்லியிலிருந்து, கூப்பிடு தூரம். டோம்பிவிலியிலிருந்து கூப்பிட்டால் அதற்குக் கேட்காது.

ஹலோ

கிங்ஸ் சர்க்கிளிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில் கிளினிக். ஃபிசியோ பெயர் ஸ்நேகா மேடம், மராத்திக்காரர். எங்கள் பேச்சு பம்பாய் இந்தியில் நடந்தது, உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன். முதல் நாள் முழங்காலுக்கு அடியில் ஒரு டவலைச் சுருட்டி வைத்து, "இதைக் கீழே அமுக்கு" என்றார். இவ்வளவுதானா என்று அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினேன். இடது தொடை விறைத்தது, கழுத்து நரம்பு புடைத்தது, வலது தொடை மட்டும் வேறு யாருடைய சாமானோ போல மேஜையில் கிடந்தது. தாத்தா ஒரு கதை சொல்வார், அதில் ஒரு ராஜாவுக்கு இடுப்புக்குக் கீழே கல்லாகிப் போகும். "அதெப்படி தாத்தா, அவன் காலு அவன் பேச்சையே கேக்காது?" என்று மடக்குவேன். "நீ உம் கொட்டுல" என்பார். அந்த மேஜையில் படுத்துக்கொண்டு, பல வருஷம் கழித்து, அந்த இடத்துக்கு ஒரு உம் கொட்டினேன்.

"பயப்படாதே. உன் கால் எங்கேயும் போகல. ஃபோன் எடுக்க மாட்டேங்குது, அவ்வளவுதான். நீ ரிங் அடிச்சுக்கிட்டே இரு" என்றார் மேடம். அடித்துக்கொண்டே இருந்தேன். எந்தக் கிழமை என்று நினைவில்லை, கொதிக்கப் போகும் பாலின் மேல் ஏடு நெளியுமே, அந்த மாதிரி தொடைத் தோலுக்கு அடியில் ஏதோ நெளிந்தது. என் உடம்பில் நடந்ததை நானே எட்டிப் பார்த்தேன். மேடம் என் முகத்தைப் பார்க்கவில்லை, தொடையைத்தான் பார்த்துச் சிரித்தார்: "எடுத்துட்டான் பாரு! ஹலோ சொல்லு."

எனக்காக ஒரு கூச்சல்

அடுத்த கட்டம் மடக்குவது. குப்புறப் படுக்க வேண்டும், மேடம் கணுக்காலைப் பிடித்துப் பின்பக்கமாக மடக்குவார். அனுபவப்பட்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பக்கத்து மேஜைகளில் எல்லோரும் அவரவர் தாய்மொழியில் அலறுவார்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே சத்தம் வராது. உயிர் போகிற நேரத்திலும் "மேடம், கொஞ்சம்..." என்று ரெக்ஸினிடம்தான் முணுமுணுப்பேன். வலிக்கவில்லை போலிருக்கிறது என்று அவர் இன்னும் கொஞ்சம் மடக்குவார். "அரே, நீ கத்தினால்தானே எங்க நிறுத்தணும்னு எனக்குத் தெரியும்?" என்று ஒரு நாள் கோபித்துக்கொண்டார்.

எதிர் நாற்காலியில் லலிதா மாமி இருந்தார். மாட்டுங்காவில் பரம்பரையாக இருப்பவர். மகன் ஓட்டிய கார் டிவைடரில் ஏறியதில் மாமியின் வலது மணிக்கட்டு போய்விட்டது. மறுநாள் மேடம் என் காலை மடக்கத் தொடங்கியதும் மாமி தன் நாற்காலியை என் தலைமாட்டுக்கு நகர்த்திப் போட்டுக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். என் கண் சுருங்கிய அதே நொடியில் "ஐயோ அம்மா!" என்று தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி ஒரு கூச்சல். மேடம் காலை விட்டுவிட்டார். மாமி நிதானமாக முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இது வாயில்லாப் பூச்சி. இவனுக்கும் சேத்து நான் கத்திடறேன், நீங்க பயமில்லாம மடக்குங்கோ."

பச்சைக் களிமண்

மாமிக்கே கை மூடாது. காபி டம்ளரை இரண்டு கையாலும் ஏந்தித்தான் குடிப்பார். விரலுக்குப் பலம் வர, பிள்ளைகள் விளையாடும் களிமண் மாதிரி பச்சையாக ஒன்றைக் கொடுத்துப் பிசையச் சொல்வார்கள். மாமி அதை அருவருப்போடு இரண்டு விரலால் கிள்ளுவார், விட்டுவிடுவார். ஒரு நாள் நான் ஐஸ் பையை முழங்காலில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாமி தன் பெண்ணின் கல்யாணத்துக்கு வீட்டில் பட்சணம் பண்ணின கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். சம்பந்தி வீட்டார் வரும் இடத்துக்குக் கதை வந்தபோது நான் உம் கொட்டுவதை நிறுத்திவிட்டேன். காரணம், மாமியின் மடி.

பச்சைக் களிமண் மாமியின் விரல்களுக்கு இடையிலிருந்து முறுக்கிக்கொண்டே இறங்கி, சுற்றுக்குள் சுற்றாக வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. கைமுறுக்கு! அச்சில் பிழிந்ததை விட ஒழுங்கு. டம்ளரைப் பிடிக்காத விரல்கள். மாமி என்னைப் பார்த்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தார், கை தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. ஸ்நேகா மேடம் ஓசைப்படாமல் பின்னால் வந்து நின்றார். என் உம் நின்றுபோனதால் மாமி குனிந்து பார்த்தார், தன் கையையே வேற்று மனுஷியின் கையைப் போல உற்றுப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி அதட்டினார்: "என்னடா முழிக்கறே? தொடாதே, இது எண்ணெய்க்குப் போகாது."

ஏணியின் ஃபோட்டோ

"வீட்டில் எத்தனை படி?" என்று மேடம் கேட்டபோது ஃபோனில் ஏணியின் படத்தைக் காட்டினேன். முதலில் சிரித்தார். அப்புறம் பெரிதாக்கிப் பார்த்தார். "இதில் ஃப்ரிட்ஜ் எப்படிப் போச்சு?" "கயிறு கட்டி, மேடம். கல்லியே சேர்ந்து இழுத்தது. அப்போ வளைஞ்சதுதான் அந்த மூணாவது படி. அதுல யாரும் கால் வைக்க மாட்டோம். ரெண்டிலேர்ந்து நேரா நாலு." அம்மா பால் பாத்திரத்தோடு தாண்டுவாள், பள்ளிக்கூட நாட்களில் நானும் பையோடு தாண்டுவேன். எனக்கு நினைவு தெரிந்த நாளாக அது அப்படித்தான்.

மேடம் என் குதிகாலுக்கும் தொடைக்கும் நடுவில் கையை வைத்து அளந்து பார்த்தார். ஒரு சாண் பாக்கி. கொஞ்ச நாளாக அந்த ஒரு சாணிலேயே முழங்கால் நின்றுபோயிருந்தது. சாதாரணப் படிக்கு அது போதும், ஒரு படியைத் தாண்டி எட்டி வைக்கப் போதாது. அந்த வாரம்தான் டோம்பிவிலி புரோக்கர் சாவி தரட்டுமா என்று அப்பாவைக் கேட்டிருந்தார். மேடம் ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "உன் முட்டியை நான் பார்த்துக்கிறேன். அந்தப் படியை உங்கப்பாவைப் பார்த்துக்கச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை

அப்பா பார்த்துக்கொண்டார். வெல்டரைக் கூட்டிவந்து மூன்றாவது படியை வெட்டி எடுத்து, தடியான புதுக் கம்பி வைத்து, ஏணி முழுவதுக்கும் பச்சை பெயிண்ட் அடித்திருந்தார். தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. ஸ்நேகா மேடமே வந்துவிட்டார். என் இடுப்பில் ஒரு பெல்ட் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார். ஷூவைக் கழற்றக் கூடாது என்றார். சட்டம் தெரியும்தானே என்றார். தெரியும்: ஏறும்போது நல்ல கால் முதலில், அடிபட்ட கால் அதன் பின்னால், ஒரே படியில் சேர வேண்டும். கல்லியே வாசலுக்கு வந்துவிட்டது. "கயித்தப் பிடிலே", "கீழ பாக்காத", "ஏ, அவனை விடுங்கப்பா, அவனுக்குத் தெரியாதா" என்று ஆளுக்கொரு ஃபிசியோ. மேலே வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அம்மா.

முதல் படி, இடது, வலது. இரண்டாவது படி, இடது, வலது. கயிறு உள்ளங்கையில் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தது. அம்மாவைப் பார்த்தேன். "லெஃப்ட்! லெஃப்ட் முதல்ல!" என்று கீழே மேடம் கத்தினார். எதற்குக் கத்துகிறார் என்று எனக்குப் புரியவில்லை. குனிந்தால் என் வலது கால் நாலாவது படியில் இருந்தது. ரிங் அடித்து அடித்து எழுப்பிய கால், ஒரு சாண் பாக்கி வைத்திருந்த முழங்கால், யாரும் கூப்பிடாமலே மடங்கி எட்டி வைத்துவிட்டது. வலி அப்புறம்தான் வந்தது. அதற்குள் நான் மேலே இருந்தேன். அம்மா என் இரண்டு கன்னத்தையும் பிடித்து, உடனே கீழே பார்த்து, "ஷூவோடயா ஏ உள்ள வார?" என்று கேட்டுவிட்டு அழுதாள்.

கீழே மேடம் ஏணியில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். பச்சை பெயிண்ட் இன்னும் சரியாகக் காயவில்லை. எல்லாப் படியிலும் என் ஷூவின் தூசித் தடம். மூன்றாவதில் மட்டும் ஒன்றுமில்லை, பளபளவென்று அப்படியே. "இதை நான் சொல்லித்தரலியே" என்றார் மேடம், யாரிடமும் இல்லை, அந்தப் படியிடம். அப்பாவுக்கு இந்தி அரைகுறை. அவரும் அந்தப் படியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேலே அண்ணாந்து என்னைக் கூப்பிட்டார்: "ஏலே, அந்த டோம்பிவிலிக்காரனுக்கு ஃபோனைப் போட்டு, சாவியை அவனையே வச்சிக்கிடச் சொல்லு."

ஆக, நாங்கள் தாராவியிலேயே இருக்கிறோம். எங்கள் ஏணியிலேயே உறுதியான படியில் இன்றுவரை கல்லிப் பூனை மட்டும்தான் கால் வைக்கிறது.