கொடியில் காய்ந்த கொடி

நியூ ஜெர்சியின் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் நாங்கள் குடியிருந்த அபார்ட்மென்டில், பால்கனியில் துணி காயப்போடக் கூடாது என்று ஒரு விதி. அதை எழுதிய புண்ணியவானுக்கு உலகத்தில் வேட்டி என்று ஒன்று இருப்பது தெரியாது. டிரையரில் போட்டால் அது வேட்டியாக வெளியே வராது, பிழிந்த முறுக்கு மாதிரி வரும். என் கணவர் ஒரு மருந்துக் கம்பெனியில், இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் குழம்பிவிடும் என்று பழைய புரோகிராம்களில் வருஷங்களைத் திருத்திக்கொண்டிருந்தார். அவர் விசாவை ஒட்டிக்கொண்டு வந்த எனக்கு, எம்.எஸ்ஸி. படித்திருந்தும் வேலைக்குப் போக அனுமதி இல்லை. வேறு வேலை இல்லாததால் விதிகளோடு சண்டை போட்டேன். பால்கனியில் குறுக்காக ஒரு நைலான் கயிற்றைக் கட்டித் துணி உலர்த்தினேன்.

வசந்த காலத்துச் சனிக்கிழமை ஒன்றில், கோவிலுக்குப் போய்வந்த வேட்டி, என் சிவப்புக் கைத்தறிப் புடவை, இன்னொரு வேட்டி என்று வரிசையாகப் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். கீழே கார் நிறுத்துமிடத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண், கையிலிருந்த மளிகைப் பைகளை அப்படியே தரையில் விட்டுவிட்டு என் பால்கனியை அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். திடீரென்று ஒரு கையை உயர்த்தி உரக்கக் கத்தினாள். "சிவே!" என்று என் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு ஏதோ சொன்னாள், புரியவில்லை. இவ்வளவு பக்தி உள்ள வெள்ளைக்காரியை நான் பார்த்ததில்லை. பதிலுக்கு இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பிக் கும்பிட்டேன்.

அவ்வளவுதான், அவள் படியேறி ஓடிவந்து கதவைத் தட்டினாள். திறந்ததும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மூச்சு விடாமல் ஏதோ பாஷையில் கொட்டித் தீர்த்தாள். நான் விழித்ததைப் பார்த்ததும் சந்தேகம் வந்து, என் தோளுக்கு மேலே எட்டிப் பால்கனியைப் பார்த்தாள். காற்றில் வேட்டி ஒதுங்கியது, பின்னாலிருந்து என் கணவரின் பனியன் ஒன்று தலைகாட்டியது. அவள் வாசல்படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எதற்கென்றே தெரியாமல் நானும் சிரித்தேன். கீழே பைக்குள் அவளுடைய முட்டைகள் உடைந்து ஒழுகிக்கொண்டிருந்தன.

பிறகு காப்பி குடித்துக்கொண்டே ஆங்கிலத்தில் விவரம் சொன்னாள். அவள் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் சேர்ந்தால் ஒரு முழு ஆங்கிலம் வரும். அதனால் அவள் சொன்னதையெல்லாம் இங்கே தமிழிலேயே எழுதிவிடுகிறேன். ஊர் பெலாரஸ். அங்கே ஒரு வாரப் பத்திரிகையில் நிருபர். அதிபரை எதிர்க்கும் இளைஞர் இயக்கத்தில் முன்வரிசை. இங்குள்ள ஒரு பத்திரிகையில் பத்து மாதப் பயிற்சிக்கு வந்து, எங்களுக்குக் கீழ் வீட்டில் தங்கியிருக்கிறாள். வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று மூன்று பட்டை போட்டதுதான் அவர்கள் நாட்டுக் கொடியாம். புதிதாக வந்த அதிபர் அதை மாற்றிவிட்டார். இப்போது பழைய கொடியைத் தூக்கினால் போலீஸ் தூக்கிக்கொண்டு போகும். அவள் கத்தியது சிவன் பெயரல்ல, அவர்களுடைய வாழ்க கோஷம். பக்கத்து ஊரான சவுத் ரிவரில் அவர்கள் ஊர்க்காரர்கள் உண்டு, அதில் ஒருவர் இங்கே தைரியமாகக் கொடி ஏற்றியிருக்கிறார் என்று நினைத்துவிட்டாள்.

"எங்கள் பாஷையில் ஃபிளாகுக்கும் கொடி என்றுதான் பெயர், துணி காயப்போடுகிற கயிற்றுக்கும் கொடி என்றுதான் பெயர்" என்றேன். அதற்கு ஒரு சிரிப்பு. அன்றிலிருந்து எனக்குக் கோபப்பட நேரமில்லாமல் போயிற்று. சூப்பர் மார்க்கெட்டில் யாராவது அவளிடம் "ரஷ்யனா பேசுகிறாய்?" என்று கேட்டால் அவள் முகம் போகிற போக்கு எனக்கு நன்றாகத் தெரியும், "ஹிந்தியா பேசுகிறாய்?" என்று கேட்டால் என் முகமும் அப்படித்தான் போகும்.

அவளுக்கு இலையுதிர் காலத்தில் விமானம். சவுத் ரிவர்க்காரர்கள் எல்லோரும் போகாதே, அடைக்கலம் கேள் என்றார்கள். கிரீன் கார்டுக்காக வருஷக்கணக்கில் வரிசையில் நின்றுகொண்டிருந்த எங்கள் கூட்டத்துக்கோ அவளைப் பார்த்தால் பொறாமையாகக் கூட இருந்தது. என் கணவர் என்னிடம் அலுத்துக்கொண்டார்.

"அவளுக்கென்ன, அப்ளை பண்ணினா உடனே குடுத்துடுவான். இந்தப் பொண்ணு என்னடான்னா போய் அடி வாங்கணும்னு டிக்கெட் கன்ஃபர்ம் பண்றா."

"நீங்க போய்ச் சொல்லிப் பாருங்களேன்."

"நான் எதுக்கு? நம்ம பேப்பர்ஸ் பெண்டிங்ல இருக்கு. பாலிடிக்ஸெல்லாம் நமக்கு வேணாம்."

அவள் கவலையே வேறு. அவள் ஊர் திரும்பிக் கொஞ்ச நாளில் தலைநகரில் ஒரு பெரிய ஊர்வலம் நடக்க இருந்தது. ஊர்வலத்துக்கு நீளமான கொடி ஒன்று வேண்டும். தைப்பது பெரிய விஷயமில்லை, அதை ஊர்வலம் கூடும் சதுக்கம் வரை கொண்டுபோவதுதான் பாடு. மெட்ரோ வாசலிலேயே பையைத் திறக்கச் சொல்வார்கள், கோட்டைத் திறக்கச் சொல்வார்கள். போன முறை இப்படித்தான் வழியிலேயே பிடித்துக்கொண்டார்கள். கொடி இல்லாத ஊர்வலம் வெறும் கும்பல் என்று சொல்லிச் சொல்லிப் புலம்புவாள்.

ஒரு கிருகப்பிரவேசத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். அவள் கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்து, நான் புடவை கட்டுவதை வேடிக்கை பார்த்தாள்.

"இது எவ்வளவு நீளம்?"

"அஞ்சரை மீட்டர்."

"முழுவதும் உன் மேலேயா இருக்கிறது?"

"பின்னே?"

கட்டிலிலிருந்து இறங்கி என்னை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். பிறகு ஒரு அலறல் போட்டாள் பாருங்கள், கொசுவம் என் கையிலிருந்து நழுவிவிட்டது. உடல் சிவப்பு, இரண்டு பக்கமும் அகலமாக வெள்ளைக் கரை என்று ஒரு புடவை வேண்டும். கட்டியிருந்தால் அது புடவை, அவிழ்த்தால் கொடி! இருவரும் கைகோத்துக்கொண்டு கட்டிலில் ஏறிக் குதித்தோம். கிருகப்பிரவேசத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பாயசம் தீர்ந்திருந்தது.

கடைகளில் தேடினால் வெள்ளை உடலில் சிவப்புக் கரை போட்ட புடவைதான் கிடைத்தது. அவள் ஒன்றை விரித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "இது ஆஸ்திரியா நாட்டுக் கொடி" என்றாள். ஆஸ்திரியாவை ஊர்வலம் கொண்டுபோய் என்ன செய்வது? கடைசியில் என் சிவப்புக் கைத்தறியையே நீளவாக்கில் வெட்டினேன். வெள்ளைக்கு என் கணவரின் எட்டு முழ வேட்டிகள்.

"அடியே, அது கோயில் வேட்டி!"

"கோயிலுக்குப் பேன்ட் போட்டுட்டு வாங்க. சாமி ஒண்ணும் கோச்சுக்காது."

"நாளைக்கு கிரீன் கார்டு இன்டர்வியூல கேட்டா நான் என்னன்னு சொல்றது? என் வேட்டியை ஃபாரின் ரெவல்யூஷனுக்கு டொனேட் பண்ணினேன்னா?"

கேட்டுவிட்டு அவரே கத்தரிக்கோலை எடுத்து நீட்டினார். மேல் வீட்டுக் குஜராத்தி ஆன்ட்டியிடம் தையல் மிஷின் இரவல் வாங்கினோம். என்ன தைக்கிறீர்கள் என்று கேட்டதற்கு ஜன்னல் திரை என்றேன். எந்த ஜன்னலுக்கு இத்தனை நீளம் என்று அந்த அம்மாள் யோசித்திருப்பார். சிவப்புச் சாயம் மழையில் இறங்கி வெள்ளையில் ஏறிவிட்டால் மானம் போய்விடும் என்று, தைப்பதற்கு முன் அதை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு ஊறப்போட்டு அலசினேன். என் கல்யாணத்துக்குக் கூட நான் இவ்வளவு பாடுபடவில்லை.

கட்டப் பழக்குவதுதான் பெரும்பாடாகிவிட்டது. மேல் கரை இடுப்பில் எட்டிப் பார்க்காமல் இருக்க, நியூ ஜெர்சியில் நாங்களெல்லாம் குளிருக்குப் போடுவதுபோல் மேலே ஒரு நீள ஸ்வெட்டர். முந்தானை அதற்குள் அடங்கிவிடும். உள்ளே ஜீன்ஸ். கோட்டைத் திறக்கச் சொன்னால், வெள்ளைக் கரை போட்ட சிவப்பு இந்திய உடை. எல்லாம் சரி, கொசுவம் மட்டும் அவளுக்கு வரவே இல்லை. சீட்டுக்கட்டை விசிறியாகப் பிடிக்கிறவள் மாதிரி மடிப்பாள். செருகியவுடன் பொசுக்கென்று விழும். போதாததற்கு ராணுவ வீரன் போல எட்டு வைப்பாள். "மெதுவா நட, நீ பேட்டி எடுக்கப் போகவில்லை" என்று நான் கத்துவேன். "கொசுவம், கொசுவம்" என்று மந்திரம் போலச் சொல்லிக்கொண்டே மறுபடி மடிப்பாள்.

ஆகஸ்ட் வெயிலில், மூடிக்கிடந்த ஒரு கடையின் காலி கார் நிறுத்துமிடத்தில் ஒத்திகை பார்த்தோம். புடவை, ஸ்வெட்டர், அதற்கு மேல் என் கணவரின் பனிக்காலக் கோட்டு என்று வேர்த்துக் கொட்டிக்கொண்டு அவள் நடந்துவந்தாள். நடுவில் நின்று கோட்டையும் ஸ்வெட்டரையும் கழற்றி எறிந்தாள், ஊக்கைக் கழற்றி முந்தானையை என் கணவர் கையில் கொடுத்துவிட்டு, பம்பரம் மாதிரி சுற்ற ஆரம்பித்தாள். அவர் பின்னாலேயே ஓடினார். ஓட ஓடப் புடவை நீண்டுகொண்டே போனது. வெள்ளை, சிவப்பு, வெள்ளை. காற்று அதை ஒரு தூக்குத் தூக்கியபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவளுக்குத் தலைசுற்றி நேராக நிற்க முடியவில்லை, தள்ளாடிக்கொண்டே கோஷம் போட்டாள். நானும் என் பங்குக்கு "சிவே!" என்று கத்தினேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு போலீஸ் கார் வந்து நின்றது. என் கணவர் முகத்தில் ஈயாடவில்லை. ஜன்னலை இறக்கி, என்ன நடக்கிறது என்று அந்தப் போலீஸ்காரர் கேட்டார். முந்தானையைக் கையில் பிடித்தபடியே இவர் விறைப்பாக நின்று, "கல்ச்சுரல் புரோகிராம், சார்!" என்றார். அவர் எங்கள் மூவரையும் பார்த்தார், துணியைப் பார்த்தார். கலர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நாங்கள் இருவரும் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டோம். அவள் மட்டும் கார் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போய்விட்டார். வெறுமனே போய்விட்டார்" என்றாள். இங்கேயே இருந்துவிடேன் என்று வாய்வரை வந்தது எனக்கு. அப்போதுதான் நான் எவ்வளவு பயந்துபோயிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. சொல்லவில்லை. அவள் புடவையை மடிக்க ஆரம்பித்திருந்தாள்.

அவள் போனதும் வீடு வெறிச்சென்று ஆனது. ஊர்வலத்து நாள் வந்தது, போனது. போன் இல்லை. அவள் கொடுத்திருந்த எண்ணுக்குக் காலிங் கார்டு தேய்க்கத் தேய்க்க அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. அடுத்த வாரமும் அப்படித்தான். வேட்டியைப் பற்றி என் கணவர் பேசுவதையே நிறுத்திவிட்டார். கம்ப்யூட்டரில் செய்தி தேடிப் பார்ப்பார், நான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தால் தலையை ஆட்டுவார். புடவை யோசனைக்குக் குதித்த என்னை நானே திட்டிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் அடித்தது. கரகரவென்று சத்தம், அதற்குள் அவள் குரல்.

"மெட்ரோவில் கோட்டைத் திறக்கச் சொன்னான். பார்த்துவிட்டு, அழகாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டான்!"

நான் போட்ட கூச்சலில் என் கணவர் ஓடிவந்தார். போனை இருவர் காதுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டேன். சதுக்கத்தில் அவள் சுற்றியிருக்கிறாள். முந்தானையைப் பிடித்துக்கொண்டு நண்பர்கள் ஓடியிருக்கிறார்கள். கூட்டம் தலைக்கு மேலே கைமாற்றிக் கைமாற்றித் தெருமுனை வரை கொண்டுபோயிருக்கிறது. அதற்குப் பிறகு போலீஸ், அவளையும் புடவையையும் பிடித்துக்கொண்டது. பிறகு கோர்ட்டு. கொடி பிடித்ததாகக் குற்றச்சாட்டு. இது கொடி இல்லை, இந்தியப் பெண்கள் உடுத்தும் உடை என்று இவள் சாதித்திருக்கிறாள். உடை என்றால் இங்கேயே உடுத்திக் காட்டு என்றாராம் அந்த நீதிபதி அம்மாள்.

"அய்யோ! கொசுவம்?"

"முதல் தடவை விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாம் தடவை நின்றது! எனக்குக் காவலுக்கு வந்த போலீஸ்காரி, யாரும் சொல்லாமலே குனிந்து கீழே மடிப்பை இழுத்துச் சரிசெய்தாள்."

நீதிபதி நிறைய நேரம் பார்த்தாராம். பிறகு, உடை அவளுடைய சொந்தச் சாமான், திருப்பிக் கொடுக்கவும் என்று எழுதினாராம்.

"அப்புறம்?" என்றார் என் கணவர்.

"புடவையை விட்டுவிட்டார்கள். கோஷம் போட்டதற்காக என்னை வைத்துக்கொண்டார்கள்."

நேற்றுத்தான் வெளியே விட்டார்களாம். எத்தனை நாள் என்று அவள் சொல்லவில்லை. அறை ரொம்பக் குளிராக இருந்தது என்றாள். தினமும் புடவையைத்தான் கழுத்து வரை போர்த்திக்கொண்டு தூங்கினேன் என்றாள். திருப்பிக் கொடு என்று நீதிபதியே எழுதிவிட்டதால், அதைப் பிடுங்க அவர்களிடம் காகிதம் இல்லையாம். இதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, எனக்கு மூக்கு ஒழுகியது. என் கணவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

"ஏய், கேள்" என்றாள் அவள், கார்டில் நிமிஷம் தீரப்போகிற அவசரத்தில். "உங்கள் ஊரில் இதைவிட நீளமான புடவை இருக்கிறதாமே?"

"ஒன்பது கஜம்" என்றேன்.