அம்மா பிரேக் பேட் வாங்கிய விதம்

அந்தக் கடைக்காரரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. விராலிமலையில் பேருந்து நிற்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி இருந்தது அவருடைய உதிரிபாகக் கடை. இப்போது அங்கே செல்போன் உறை விற்கிறார்கள். கடை போய்விட்டதே என்று எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. அப்பா சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தார். அவர் விட்டுப்போன மோட்டார் சைக்கிளில்தான் அம்மா தினமும் வேலைக்குப் போய்வந்தார். கொடும்பாளூர்ப் பக்கம் எங்கள் ஊர். வேலை விராலிமலையில், ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். காலை ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். ஸ்கூட்டர் என்றால் பெரியப்பா பொறுத்துக்கொண்டிருப்பார். கியர் வண்டி என்பதால் அவருக்குப் பொறுக்கவில்லை. மாதம் ஒருமுறை வந்து, விற்றுவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போவார். வண்டி போனால் வேலையும் போகும் என்பது அம்மாவுக்கும் எனக்கும் தெரியும். பெரியப்பாவுக்கும் தெரியும் என்றே நினைக்கிறேன்.

அன்று சனிக்கிழமை, எனக்குப் பள்ளி இல்லை, அம்மாவுக்கும் விடுமுறை. முன்சக்கரத்தில் இரண்டு நாளாக ஏதோ கரகரத்துக்கொண்டிருந்தது. காட்டிவிட்டு வரலாம் என்று அம்மா என்னையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். விராலிமலைக்குள் நுழையும் இடத்தில் ஒரு லாரி சட்டென்று நின்றது. அம்மா பிரேக்கைப் பிடித்தார். வண்டி நிற்கவில்லை. ஓரத்து மண்ணில் இறங்கி, சரிந்து விழுந்தோம். என் முழங்கால் தோல் உரிந்து ரத்தம் வந்தது. அம்மா எழுந்ததும் என் காலைப் பார்க்கவில்லை. எங்கள் ஊர் ஆள் யாராவது பார்த்துவிட்டார்களா என்று சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார். அதற்கே எனக்குக் கோபம் வந்தது.

மெக்கானிக் நல்ல மனிதர். சக்கரத்துப் பக்கம் உட்கார்ந்து இரண்டு பேடையும் கழற்றி அம்மா கையில் கொடுத்தார். ஒட்டியிருந்த பகுதி முழுக்கத் தேய்ந்து, வெறும் இரும்புதான் மிச்சம் இருந்தது. இதையே காட்டி வாங்கிக்கொண்டு வந்தால் மாட்டித் தருவதாகச் சொன்னார்.

கடைக்காரர் அந்தப் பழைய பேடை ஒருமுறை பார்த்தார். வண்டி யாருடையது என்று கேட்டார். எங்களுடையதுதான் என்றார் அம்மா. வீட்டுக்காரர் வரவில்லையா என்று கேட்டார். இல்லை என்றார் அம்மா. பிறகு கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் உறையில் பெயர் ஊர் எதுவும் இல்லாத ஒரு ஜோடியை எடுத்து மேசைமேல் போட்டார்.

அம்மா பழையதைப் புதியதன்மேல் வைத்துப் பொருத்திப் பார்த்தார். ரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்க்கிற கண்கள் அவருடையவை.

"இது அரை நூல் வெளிய நிக்குதுங்க. ஓட்டையும் சேரலை. கம்பெனி டப்பால வர்றது இருந்தா குடுங்க."

"மெக்கானிக் தேச்சு மாட்டிக்குவாரும்மா. ஒங்களுக்கு அதெல்லாம் புரியாது. வீட்டுல ஆம்பளையாள வரச் சொல்லுங்க, பேசிக்கலாம்."

அம்மா பொருத்திக் காட்டிய பேடின் மேல் அவர் கண் படவே இல்லை. பக்கத்தில் ஆயில் வாங்க நின்றிருந்த ஒருவர், யாரும் கேட்காமலே, பெண்கள் முன் பிரேக்கைத் தொடவே கூடாது, பின் பிரேக்கே போதும் என்று சொன்னார். லைசென்ஸ் இருக்கிறதா என்றும் கேட்டார். லைசென்ஸ் அம்மாவின் பைக்குள்தான் இருந்தது. அதை எடுத்து அவர் முகத்துக்கு நேராக நீட்டவேண்டும் என்று நான் துடித்தேன். வேறு கடைக்குப் போகலாம் என்று அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

அம்மா போனை எடுத்து அப்பாவை வீடியோவில் அழைத்தார்.

காலையில் கிளம்பும்போதே, பேட் மாற்ற வேண்டி வந்தால் கம்பெனி டப்பாதான் வாங்க வேண்டும், உதிரியாகக் கொடுத்தால் வாங்கக்கூடாது என்று என்னிடம் சொல்லிக்கொண்டு வந்தவர் அவர். இப்போது, "என்னங்க, இதுவா, கம்பெனி டப்பாவான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்" என்று, ஒன்றுமே தெரியாதவரைப் போலக் கேட்டார். சிங்கப்பூரில் அதற்குள் மதியச் சாப்பாட்டு நேரம். அப்பா பக்கத்திலிருந்தவர்களையும் கூப்பிட்டுவிட்டார். தலையில் தொப்பியோடு அப்பாவைச் சுற்றி ஐந்து பேர் திரைக்குள் முண்டியடித்தார்கள். ஒருவர் திருப்பிக் காட்டச் சொன்னார். ஒருவர் கிட்டே கொண்டுவரச் சொன்னார். கடையில் இரண்டு பேர் போதாதென்று இன்னும் ஆறு ஆண்கள் என் அம்மாவுக்குப் பாடம் எடுத்தார்கள். அம்மா எல்லோருக்கும் சரிங்க, சரிங்க என்றார். கடைசியில் அப்பா சொன்னது, கம்பெனி டப்பா.

கடைக்காரர் போனைப் பார்த்து, "சொல்லுங்க சார், எடுத்துருவோம்" என்று ஏணியில் ஏறினார்.

அம்மா முதலிலேயே அதைத்தான் கேட்டார் என்று நான் உரக்கச் சொன்னேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை. வெளியே வந்து, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று சண்டை பிடித்தேன். பேட் கிடைத்ததல்லவா, வா என்றார். விழுந்ததை அப்பாவிடம் சொல்லக்கூடாது என்றும் சொன்னார். அடுத்த மாதம் பெரியப்பா வந்து, தம்பி அங்கிருந்தே பார்த்துப் பேட் வாங்கிக் கொடுத்துவிட்டானே என்று பெருமைப்பட்டார். வண்டியை விற்கும் பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவே இல்லை. அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. கல்லூரியில் தோழிகளிடம் இந்தக் கதையைப் பல தடவை சொல்லியிருக்கிறேன், என் அம்மா எப்படித் தலை குனியவைக்கப்பட்டார் என்பதற்கு உதாரணமாக.

போன தை மாதம், வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிய வல்லத்திராக்கோட்டைக்காரர் ஒருவர், அப்பா கொடுத்துவிட்ட பொருள்களோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்த ஐந்து பேரில் அவரும் ஒருவராம். பேச்சோடு பேச்சாக அந்த நாளைச் சொன்னார்.

"அன்னிக்கு ஒங்கப்பா சோத்துப் பொட்டலத்தப் பிரிக்கவே இல்லம்மா. சாப்பாட்டுக்கு விடுறது அரைமணி நேரம், அதுலயே போச்சு. ஆனா ஒரு வாரம் அதே பேச்சுதான். வீட்டுல என்னையக் கேட்டுத்தான் எல்லாம் வாங்குறாங்கன்னு. எங்களுக்கு அப்பிடி ஒரு போனு வரலையேன்னு இருந்துச்சு."

அம்மா எழுந்து டீ போடப் போனார்.

கடைக்காரர்மேல் உள்ள கோபத்தை நான் குறைத்துக்கொள்ளவில்லை. அதற்கு அவர் முழுக்கத் தகுதியானவர். அம்மாவின்மேல் இத்தனை வருடம் வைத்திருந்ததைத்தான் எங்கே கொண்டு போடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

வந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாப்பாவக் காட்டு, பாப்பாவக் காட்டுன்னு கடைசில ஒங்கப்பா எவ்வளவு கெஞ்சுனாரு. நீதான் மொகத்தத் திருப்பவே இல்ல."

உண்மைதான். அம்மா போனை என் பக்கம் நீட்டியபோது, சுவரில் தொங்கிய டயர்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மாவின் பக்கம் நிற்பதாக நினைத்திருந்தேன்.