மூச்சில் தெரிந்த முத்திரை

அடிப்பக்கத்தில் முத்திரை இல்லாத ஒரு வெள்ளி ஜாடியை, அதே பழைய ஜாடிதான் என்று எப்படி நிரூபிப்பது? அன்று கடையில் நின்று அதை நேரில் பார்த்தேன்.

என் சித்தப்பா அப்போது பழைய வெள்ளிச் சாமான் கடையில் மெருகு போட்டுக்கொண்டிருந்தார். கறுத்துப்போன தட்டையும் முகம் பார்க்கும்படி ஆக்கிவிடுவார். அதனால் அவருக்குக் 'கண்ணாடி' என்று பட்டப்பெயர்.

"நான் குடுத்த ஜாடியில நாலு முத்திரை இருந்துச்சு. யார் செஞ்சது, எந்த வருஷம்னு அதை வெச்சுத்தான் சொல்ல முடியும். இதுல ஒண்ணுமே இல்லை. ஜாடியை மாத்திட்டீங்க!" என்று கத்தினார் அதன் சொந்தக்காரம்மா. போலீஸைக் கூப்பிட முதலாளி போனைக் கையில் எடுத்துவிட்டார்.

சித்தப்பா முன்னால் வந்தார். ஜாடியைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தில் 'ஹா' என்று மூச்சு விட்டார். முத்திரை அடித்தபோது இறுகிய வெள்ளியில் ஆவி வேறுமாதிரி படிய, நான்கு முத்திரைகளும் நிழல்போலத் தெரிந்தன. அவற்றில் ஒன்றான, இறக்கை விரித்த பறவையைக் கண்டதும், "இது என் ஜாடிதான்!" என்றார் அந்த அம்மா. அடுத்த நொடி எல்லாம் மறைந்தது.

"மாத்தலம்மா. மெஷின்ல அளவுக்கு மீறித் தேய்ச்சு நான்தான் அழிச்சுட்டேன்."

முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். "அடப்பாவி! திருடியிருந்தாக்கூட திருப்பி வாங்கிக் குடுத்திருப்பேனேய்யா!"

அன்றோடு அந்த வேலை போயிற்று. ஆனால் சித்தப்பாவைத் திருடன் என்று யாரும் சொல்லவில்லை. இப்போது வேறு பட்டறையில், முத்திரை மேல் நாடா ஒட்டிய பிறகுதான் மெருகுத் துணியையே தொடுகிறார்.

தெரிந்தவர் வீட்டில் பழைய வெள்ளி இருந்தால், அதைத் தேய்க்கும் முன் இந்தக் கதையை அவரிடம் சொல்லிவிடுங்கள்.