சல்லியில் விழுந்த வேம்பு

கிண்ணியாவில் 'மெசின் றஊப்' என்றால் எல்லாருக்கும் தெரியும். சங்கிலி வாளால் மரம் வெட்டுவது அவர் தொழில். இடது காதிலிருந்து தாடை வரை ஒரு தழும்பு இருந்தது. தொழிலுக்கு வந்த புதிதில் வாளின் நுனி ஒரு கொப்பில் தட்ட, மெசின் துள்ளி முகத்துக்கே திரும்பியதில் வந்தது. அதுவரை அவரும் மற்றவர்களைப்போல பிரேக் பிடிக்காத மெசினோடு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு வெட்டியவர்தான். அதற்குப் பிறகு சப்பாத்தும் கண்ணாடியும் போடாமல் ஸ்டார்ட் கயிற்றில் கை வைக்கமாட்டார். மரத்தைச் சுற்றி வந்து, எந்தப் பக்கம் இழுக்கிறது, எந்தப் பக்கம் அழுத்துகிறது என்று பார்க்காமல் வெட்டவும் மாட்டார்.

"நானா மரத்துக்குப் பொம்புள பாக்கிறார்" என்று மனைவி மைமூனாவின் தம்பி அஸ்ஹான் பகிடி பண்ணுவான். மரம் விழும்போது அவருக்குக் கயிறு பிடிக்கிறவன் அவன்தான்.

கார்த்திகையில் புயல் அடித்து ஓய்ந்த காலை, இருவரும் நிலாவெளி வீதியில் விழுந்து கிடந்த மரங்களை வெட்டி அகற்றிக்கொண்டிருந்தார்கள். அப்போது டிலக்சன் என்ற இளைஞன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தான்.

"நானா, சல்லிக்கு வாங்கோ. அத்தான் மரத்துக்குக் கீழ கிடக்கிறார். உயிர் இருக்கு. மண் தோண்டுற பெக்கோ வர ஏலாதாம், பாதை முழுக்கத் தண்ணி."

மெசினைத் தோளில் வைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் சல்லிக் கிராமத்துக்கு நடந்தார்கள். வீட்டின் பின்பக்கம் நின்ற கிழட்டு வேம்பு வேரோடு சாய்ந்து, அடுப்படியான குசினியின் சுவரை உடைத்துக்கொண்டு விழுந்திருந்தது. அடியில் கோணாமலை கிடந்தான். கடற்றொழில் செய்கிறவன், முப்பத்தைந்து வயது இருக்கும். இடுப்புக்குக் கீழே சுவர்க்கல், அதற்குமேல் மரம். அவன் மனைவி, டிலக்சனின் அக்கா இலட்சுமியை இரண்டு பெண்கள் முற்றத்தில் பிடித்து வைத்திருந்தார்கள்.

றஊப் ஒருமுறை சுற்றி வந்தார். மரத்தின் ஒரு முனையை வேர் தாங்கியது. மறுமுனையைச் சுவர் தாங்கியது. நடுமரம் வில்லாக வளைந்து அவனுக்குமேல் நின்றது. மேலிருந்து வெட்டினால் வெட்டுவாய் மூடி வாளைக் கவ்விக்கொள்ளும். கீழிருந்து வெட்டினால் மரம் சட்டென்று விட்டு, முழுப் பாரமும் அவன்மேல் இறங்கும்.

"முட்டுக் குடுக்கவேணும். வள்ளம் இழுக்கிற கட்டைகள் எல்லாத்தையும் கொண்டு வாங்க" என்றார்.

ஆட்கள் கரைக்கு ஓடினார்கள். அஸ்ஹானும் போனான். றஊப் மெசினைப் பார்த்தார். விடியலிலிருந்து மண் ஒட்டிய மரங்களை வெட்டியதில் சங்கிலி மழுங்கிப்போயிருந்தது. கடைசி மரத்தில் சீவல் வராமல் மாவுதான் கொட்டியது. மழுங்கிய சங்கிலியை அழுத்தி வெட்டினால் மெசின் எங்கே துள்ளும் என்று சொல்ல ஏலாது. அவர் குந்தியிருந்து, அரத்தை எடுத்து, பல்லுப் பல்லாகத் தீட்டத் தொடங்கினார்.

"என்ன செய்யிறீங்கள்?" டிலக்சன் கத்தினான். "மனிசன் சாகுது, நீங்க அரம் தேய்ச்சுக்கொண்டு இருக்கிறீங்கள்! தாங்கோ, நான் வெட்டுறன்."

மெசினைப் பிடித்து இழுத்தான். றஊப் விடவில்லை.

"தம்பி, இப்பிடியே வெட்டினா மரம் உன்ர அத்தானுக்கு மேலதான் இறங்கும். கட்டை வரட்டும்."

கீழேயிருந்து கோணாமலையின் குரல் வந்தது. "நானா... வள்ளம் நிக்குதோ?"

வரும் வழியில் அந்த வள்ளத்தை றஊப் பார்த்திருந்தார். டிலக்சன்தான் காட்டினான். தென்னையில் மோதி இரண்டாகக் கிடந்தது.

"நிக்குது, தம்பி. கண்ணை மூடாதீங்க, கதைச்சுக்கொண்டு இருங்க."

கட்டைகள் வந்தன. இரண்டு பக்கமும் அடுக்கி, ஆப்பு அடித்து இறுக்கினார்கள். றஊப் சங்கிலியை இழுத்துப் பார்த்து, தொய்வை எடுத்து, ஸ்டார்ட் கயிற்றை இழுத்தார். மேலே கொஞ்சம் வெட்டி, பிறகு கீழிருந்து மெல்ல ஏற்றினார். மரம் வெடித்த சத்தத்தில் முற்றத்துப் பெண்கள் அலறினார்கள். ஒரு சாண் இறங்கிய பாரத்தைக் கட்டைகள் தாங்கின. அவற்றில் ஒன்று நசுங்கிப் பிளந்தது. மறுபக்கத்தையும் வெட்டி, துண்டைத் தூக்கி, கற்களை அகற்றி, கோணாமலையை உயிரோடு வெளியே எடுத்தார்கள். அவன் தண்ணீர் கேட்டான்.

கதவுப் பலகையில் வைத்து வீதிக்குச் சுமந்துபோனார்கள். ஆம்புலன்ஸ் நின்ற இடத்துக்கு வருமுன்பே அவன் மூச்சு நின்றுவிட்டது.

டிலக்சன் வீதியில் நின்ற எல்லாருக்கும் கேட்கச் சொன்னான்: "இவர்தான். இவர் அரம் தேய்ச்சுச் சுணக்கினபடியாத்தான்."

றஊப் மெசினைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அன்று வீட்டுக்கு வந்து சோற்றின் முன்னால் இருந்தவர் பிசைந்துகொண்டே இருந்தார்.

"கட்டைக்கு நிக்காம, தீட்டாம வெட்டியிருந்தா ஆசுபத்திரிக்கு உசிரோட போயிருப்பானோ?" என்று மைமூனாவிடம் கேட்டார்.

"எனக்கு எப்பிடித் தெரியும்? நீங்க தெரிஞ்சதைத்தானே செஞ்சீங்க" என்றாள் அவள்.

மூன்று கிழமை கழித்து இலட்சுமி ஆள் அனுப்பினாள். முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு முன்பு அந்த மரம் வீட்டு வளவில் இருக்கக்கூடாதாம். வந்தவரிடம் வேறு ஆளைப் பார்க்கும்படி அஸ்ஹான் சொன்னான். றஊப் போனார்.

வேர்ப்பக்கத்தை வெட்டும்போது அடிமரம் துள்ளி நிமிரும். அதனால் எல்லாரையும் தூர நிற்கச் சொன்னார். இலட்சுமி மட்டும் கிட்ட வந்தாள்.

"நானா, அவர் உங்களோட என்ன கதைச்சவர்? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல."

"வள்ளம் நிக்குதோ எண்டு கேட்டார்."

"என்ன சொன்னீங்கள்?"

"நிக்குதெண்டு சொன்னனான், தங்கச்சி."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்து, "ஓம். அதையாவது காதால கேட்டுட்டுப் போனாரே" என்றாள்.

டிலக்சன் வேலியோரம் நின்றான். வெட்டி முடிந்த துண்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வீதிக்குக் கொண்டுபோனான். கனமான துண்டு ஒன்று தனியாளாய்த் தூக்க வராமல் நின்றபோது, றஊப் மெசினை நிறுத்தி வைத்துவிட்டு மறுமுனையைப் பிடித்தார். அவன் கையை எடுக்கவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. இருவருமாக அதைச் சுமந்துபோய் வீதியோரம் போட்டார்கள். போட்ட பிறகு அவன் தன் வழியே போனான்.